ஒரே செக்போஸ்ட், இரண்டு தராசு

2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவைத் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டியபோது நாமெல்லாம் கொதித்தோம். அது நியாயமான கோபம். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கேரளமே லாரி கொண்டுவந்து அள்ளிப்போனது.

ஆனால் நம் மலையை உடைத்த ஜல்லியும் எம்.சாண்டும் புளியறை செக்போஸ்ட் வழியாக லாரி லாரியாகக் கேரளம் போகிறதே? அதற்கு மட்டும் “நம்மாளுங்க பிழைப்பு” என்கிறோம்.

ஜெர்மானிய உளவியலாளர் கியோர்க் லிண்ட் 1970களில் ஒரு சோதனை வகுத்தார. ஒரு தர்மசங்கடத்தைச் சொல்லி, இருதரப்பு வாதங்களையும் மதிப்பிடச் சொல்வார். நம் முடிவு எதுவானாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. நமக்குப் பிடிக்காத வாதத்தையும் தரம் பார்த்து எடைபோடுகிறோமா என்பதுதான் கணக்கு. அந்தத் திறனைத்தான் அவர் ஒழுக்கத் திறன் என்றார்.

பர்மிட்டோடு போகும் கல்லும் திருட்டுத்தனமாய்க் கொட்டும் கழிவும் ஒன்றல்ல; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “எங்கள் மண் கெடக்கூடாது” என்பதுதானே அன்று நாம் சொன்ன காரணம்? அது உண்மையென்றால் குவாரிப் பள்ளத்துக்கும் பொருந்த வேண்டும். அடுத்த கிராமசபையில் கழிவைப் பற்றிப் பேசும்போது குவாரியைப் பற்றியும் கேளுங்கள். சொந்தக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.