தாலிக்கு முன் பத்திரம்

நம் தோட்டத்துப் பெண்கள் பலர் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார்கள். அங்கே வேறு நாட்டவரை விரும்பி மணப்பவர்களும் உண்டு. ஆனால் திருமணத்தைப் பதியப் போனால் பிறப்புச் சான்றிதழ், மணமாகாதவர் என்ற அத்தாட்சி, கடவுச்சீட்டு எல்லாம் கேட்பார்கள். கடவுச்சீட்டோ பல வேளை வீட்டு எஜமான் கையில். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். சிலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் வழியாகவும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. ஆனால் அந்தப் பிறப்பை இலங்கை அதிகாரிகளிடம் பதிய வேண்டும். தாயிடமே பத்திரம் இல்லாவிட்டால் எதைக் காட்டிப் பதிவது? நம் பேரப்பிள்ளைகளும் நாடற்றவர்களாவதா?

ஆகவே, ஏஜென்சிக்காரரிடம் போவதற்கு முன் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் அங்கே விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் நடக்கும் பிறப்புகளை அறிவிக்கும் பொறுப்பு சட்டப்படி தோட்ட நிர்வாகத்துக்கு உண்டு. நிர்வாகம் விட்ட பிழையைத் திருத்த அலையும் நாளில் தொழிலாளியின் பேரை வெட்டுவது அநியாயம். அந்த நாளுக்கும் பேர் போட வேண்டும். தோட்டத் தலைவர்கள் இதைத் துரையிடம் கேட்டே ஆக வேண்டும்.