படிக்கட்டும் பத்தடியும்

பள்ளிப் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஓரளவு காவல் உண்டு. சுற்றிலும் இரும்புக் கூடு, உயரமான தளம், கட்டுப்படுத்தப்பட்ட வேகம். படிக்கட்டில் கால் வைத்ததும் அந்தக் காவல் முடிந்துபோகிறது. வண்டியைச் சுற்றியுள்ள சில அடி நிலமே பயணம் முழுவதிலும் மிகக் கொடிய இடம். ஆறு வயதுக் குழந்தையின் உயரம் நாலடிக்கும் குறைவு. முன் பம்பரை ஒட்டி அது நடந்தால், பெரிய பேருந்தின் ஓட்டுநருக்குத் தலைகூடத் தெரியாமல் போகலாம். தண்ணீர் பாட்டில் உருண்டு வண்டிக்கு அடியில் போனால், உடனே குனிந்து எடுக்கத்தான் எந்தக் குழந்தைக்கும் தோன்றும். பையின் வார், பெரிய பெண்களின் துப்பட்டா, மழைக்கோட்டின் கயிறு ஆகியவை கதவிலோ கைப்பிடியிலோ சிக்கிக்கொள்ள, வண்டி நகர்ந்துவிடுவதும் உண்டு.

ஆகவே, பேருந்தில் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பாடம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில், வண்டிக்கு முன்னே பத்தடி தள்ளிப் போய், ஓட்டுநரின் முகம் தெரிகிற இடத்தில் நின்று, அவர் சைகை காட்டிய பிறகே சாலையைக் கடக்கச் சொல்லித் தருகிறார்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாமல் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் உண்டு. அங்கே பள்ளிப் பேருந்தின் சிவப்பு விளக்குகள் மினுங்கி, பக்கவாட்டில் ‘நில்’ பலகை நீண்டால், மற்ற வாகனங்கள் நின்றாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சாலைகளில் அப்படியொரு பழக்கம் இல்லை. வேன் நின்றால் பின்னால் வருபவர் ஹாரன் அடித்துக்கொண்டு முந்துகிறார். அதனால் பத்தடிப் பாடம் மட்டும் இங்கே போதாது. ஆயாம்மா முதலில் இறங்கி, பிள்ளையைக் கைப்பிடித்து இறக்கி, வீட்டாரிடம் ஒப்படைத்த பிறகே கதவு மூடப்பட வேண்டும். வீட்டாரும் வண்டியின் கதவு திறக்கும் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு “வா கண்ணு” என்று அம்மா கையை நீட்டினால், குழந்தைக்கு அம்மா மட்டும்தான் தெரிகிறாள், லாரி தெரிவதில்லை. இதில் குழந்தையின் தவறு எதுவும் இல்லை. வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் சிறு வயதில் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை.

தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கான விதிகள் துயரங்களின் பின்னாலேயே வந்திருக்கின்றன. 2012 ஜூலை 25 அன்று, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து, அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அதன் பிறகுதான் முன்னும் பின்னும் கேமராவும், பின்புறம் எச்சரிக்கும் உணர்கருவியும் கட்டாயமாயின. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1997இல் எம்.சி. மேத்தா வழக்கில் தில்லிக்காக உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் இருந்தன. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, கனரக வாகனம் ஓட்டிய ஐந்தாண்டு அனுபவம், சன்னலில் குறுக்குக் கம்பிகள், நம்பகமான பூட்டுள்ள கதவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர் என்று அன்றே அவை வரிசைப்படுத்தின.

ஆண்டுதோறும் மே மாதத்தில், பள்ளி திறக்குமுன், வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகளும் வருவாய், காவல், கல்வித் துறையினரும் சேர்ந்து பள்ளி வாகனங்களை மைதானத்தில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். தளம், படிக்கட்டு, அவசரக் கதவு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்க்கப்படுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகரம் துருப்பிடிப்பதும் கதவின் கொக்கி தேய்வதும் மே மாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. நவம்பர் மழையில் தளம் ஆடத் தொடங்கினால், அது முதலில் தெரிவது அதன்மேல் கால் வைத்திருக்கும் பிள்ளைக்கு. பேருந்தில் ஒழுக்கம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லாது. கண்ணில் பட்ட கோளாறைச் சொல்வதும் நல்ல நடத்தைதான் என்று பள்ளி வெளிப்படையாகச் சொல்லித் தர வேண்டும். சொன்ன பிள்ளையைப் பாராட்டவும் வேண்டும்.

உள்ளே உட்காரும் முறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பெரிய பள்ளிப் பேருந்துகளில் நெருக்கமாகவும் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கைகள் அமைக்கும் முறையை அமெரிக்கா 1977இல் கட்டாயமாக்கியது. மோதும்போது பிள்ளையின் உடல் முன்னிருக்கையின் முதுகில் பட்டு, அதிர்ச்சி பரவிவிட வேண்டும் என்பது அந்த அமைப்பின் கணக்கு. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால்தான் கணக்கு பலிக்கும். திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்தாலும், நடைபாதையில் நின்றாலும் அது உதவாது. இந்தியாவிலும் பள்ளிப் பேருந்துகளின் வடிவமைப்புக்கு ஏ.ஐ.எஸ். 063 என்ற தரநிலை இருக்கிறது. ஆனால் மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேரைத் திணித்து, மடியில் பைகளை அடுக்கிவிட்டால், எந்தத் தரநிலையும் காப்பாற்றாது. அந்தத் தவறைப் பிள்ளைகளின் கணக்கில் எழுதக் கூடாது.

சத்தத்தைப் பற்றித்தான் பள்ளிகள் அதிகம் கண்டிக்கின்றன. பேச்சும் சிரிப்பும் பாட்டும் குற்றமில்லை. எட்டு மணி நேரம் வகுப்பில் அடங்கியிருந்த பிள்ளைகள் வேறெப்படி இருப்பார்கள்? ஓட்டுநரின் கவனத்தைப் பறிக்கிற சத்தமும் சண்டையும்தான் ஆபத்து. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குப் பதினோரு மீட்டர் ஓடுகிறது. அலறல் கேட்டு ஓட்டுநர் இரண்டு நொடி திரும்பிப் பார்த்தால், இருபத்திரண்டு மீட்டர் தூரம் சாலையைப் பார்க்க ஆளில்லை. பிள்ளைகளைக் கவனிக்கும் வேலை ஓட்டுநருடையது ஆகக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரே ஓர் இடத்தில் முழு அமைதி வேண்டும்: ரயில்வே கேட். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். கேட் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது என்பதை அந்த விபத்து உணர்த்தியது. அமெரிக்காவில் பள்ளிப் பேருந்துகள் தண்டவாளத்துக்கு முன் நிற்க வேண்டும். பல மாநிலங்களில் ஓட்டுநர் கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கிறார். அதுவரை பிள்ளைகள் பேசுவதில்லை. இந்தப் பழக்கத்தைத் தமிழ்நாட்டிலும் கொண்டுவரச் செலவு எதுவும் இல்லை.

வண்டிக்குள் நடக்கும் கொடுமைகள் வேறு வகை. பின் இருக்கையில் பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸைப் பிடுங்குவதும், பட்டப்பெயர் சொல்லி அழவைப்பதும் ஆயாம்மா முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை தெரியாது. அவர் நடுவிலோ பின்னாலோ உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைகள் முன்வரிசைகளில் இருக்க வேண்டும். யார் தொட்டாலும் பிடிக்கவில்லையென்றால் வீட்டில் சொல்லலாம் என்ற தைரியத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதும் பயணப் பாதுகாப்பில் சேரும். குழந்தைகளுக்கான 1098, தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகிய உதவி எண்கள் வண்டிக்குள் எழுதியிருக்க வேண்டும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. இது ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் பொருந்தும்.

தூங்கிவிடும் குழந்தையின் கதி இன்னும் கொடியது. 2022 செப்டம்பரில் கத்தாரின் அல் வக்ராவில், கேரளக் குடும்பத்தின் நான்கு வயதுச் சிறுமி பள்ளிப் பேருந்துக்குள் தூங்கிவிட்டாள். யாரும் பார்க்காமல் கதவைப் பூட்டிப் போனார்கள். வெயிலில் சூடேறிய வண்டிக்குள் அவள் இறந்துபோனாள். ஒவ்வொரு டிரிப்பும் முடிந்ததும் கடைசி இருக்கை வரை ஒருவர் நடந்து, இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். சில நாட்டுப் பேருந்துகளில் என்ஜினை நிறுத்தியதும் ஒலி எழுப்பும் கருவி பின்கோடியில் இருக்கும். ஓட்டுநர் அங்கே போய் அணைத்தால்தான் சத்தம் நிற்கும். பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் அரைமணி நேரத்துக்குள் வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் இருந்தால், இது இரண்டாவது காவலாகும்.

இவ்வளவும் ஆயாம்மா, ஓட்டுநர் என்ற இரண்டு பேரின் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது. 2024 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவிலில், ஓட்டும்போதே மாரடைப்பு வந்த பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர், வண்டியைச் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு இருக்கையிலேயே உயிரைவிட்டார். உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு ஆண்டுதோறும் கண், இதயப் பரிசோதனை செய்வதும், போதிய ஓய்வும் நல்ல சம்பளமும் கொடுப்பதும் பள்ளியின் கடமை. ஆயாம்மாவுக்கும் பயிற்சி கொடுத்து, மரியாதையான ஊதியம் தர வேண்டும்.

ஓட்டுநர் மயங்கிவிட்டால் என்ன செய்வது என்பதை மேல்வகுப்பு மாணவர்களுக்கும் சொல்லித் தரலாம். வண்டி நின்றிருக்கும்போது சாவியைத் திருப்பி என்ஜினை அணைப்பது, அவசரக் கதவைத் திறப்பது, சின்னப் பிள்ளைகளைச் சாலையின் ஓரப் பக்கமாக இறக்குவது, 108க்கு அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்வது. பருவத்துக்கு ஒருமுறை, பள்ளி மைதானத்தில், ஓட்டுநர் முன்னிலையில் ஒத்திகை பார்த்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அவசரக் கதவின் பிடியைப் பெரும்பாலான பிள்ளைகள் அன்றுதான் முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்பார்கள்.