‘பில் இருக்கா?’ என்று கேட்கிறவர்களுக்கு

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் தெருத்தெருவாக வருவார்கள். மடிப்பில் விட்டுப்போன புடவையைக்கூட எடுத்துக்கொள்வார்கள். ஜரிகையில் வெள்ளி இருக்கிறதே, உருக்கலாம். அந்தப் புடவை யார் கட்டியது, ரசீது உண்டா என்று எந்த வியாபாரியும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

இதே ஊரின் சேரி ஒன்றில், காலமான பேண்டு வாத்தியார் ஒருவரின் வீட்டில் ஒரு சோப்ரானோ சாக்சபோன் விலைக்கு வந்தது. பேத்திக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், அதற்காக. பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்து பெட்டியைத் திறந்தார். கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டார்: “இது உங்களுக்கு எப்படி வந்துச்சு? பில் இருக்கா?”

வீட்டிலிருந்த அம்மாவுக்குக் கேள்வியின் உள்ளே இருந்தது புரிந்துவிட்டது. “எங்க வூட்டுக்காரரு ஊதினது சார்” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கருவியை நாங்களும் பார்த்தோம். சாவிகளில் ஒன்றுகூட ஆடவில்லை. கட்டைவிரல் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொறித்த எண் தெளிவாகப் படிக்க முடிகிறது. பூச்சு தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கிறது. இதுதான் முக்கியம். பளபளப்பாக்குகிறேன் என்று உரசி மறுபூச்சு அடித்தால் பொறிப்பு மழுங்கிவிடும், விலையும் சரிந்துவிடும். வாத்தியார் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊதி முடித்து வந்து, ஈரம் துடைத்து, துணி சுற்றி வைத்திருக்கிறார். மழையில் நனைந்த பேண்டு சட்டையை மறுநாள் காயவைத்தாலும் இதை அன்றைக்கே துடைத்துவிடுவாராம்.

வந்தவர் பித்தளையின் எடைக்கு மேல் கொஞ்சம் போட்டுத் தருவதாகச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: “யார் வாசிச்சதுன்னு நான் சொல்லிக்க மாட்டேன். மிலிட்டரி பேண்டுதுன்னு சொன்னாத்தான் போகும்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

சாக்சபோன் என்றால் வளைந்த கருவிதான் பலருக்கு நினைவில் வரும். சோப்ரானோ பெரும்பாலும் நேராக இருக்கும். மேலே ஒடுங்கி, கீழே வரவர விரிந்து, நாகஸ்வரத்தின் அணைசு போல வாய் திறந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பித்தளையில் செய்த நாகஸ்வரம் என்றே நினைப்பீர்கள். அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846இல் பாரிசில் சாக்சபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். படைகளின் பேண்டுகள் அதைப் பிடித்துக்கொண்டன, வெள்ளைக்காரர்களோடு இங்கேயும் வந்தது. கோயில் வாசலில் ஊத இன்னாருக்குத்தான் உரிமை என்று நாகஸ்வரத்துக்கு இருந்த பரம்பரைப் பாத்தியதை இதற்கு இல்லை. (நாகஸ்வரக்காரர்களும் மேடைக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்கள்தான், அதை மறக்கவில்லை.) எந்தச் சாஸ்திரமும் சொந்தம் கொண்டாடாத கருவி என்பதால்தான் நம்மவர் கைக்கு அது வந்து சேர்ந்தது. பறையை இழிதொழிலாக ஊர் கட்டாயப்படுத்தியபோது, ‘அடிக்க மாட்டோம்’ என்று சொல்லிவிட்டுப் பேண்டு சட்டை மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பிறகு அந்தச் சட்டையையும் சாவு வீட்டு வாசலில் நிற்கவைத்தது ஊர். அது வேறு கதை.

கத்ரி கோபால்நாத்தைச் சொல்வார்கள். நாகஸ்வரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைப் பார்த்து மயங்கி, அதில் கர்நாடக இசையைக் கொண்டுவந்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார், அதே வருடம் ‘டூயட்’ படமும் வந்தது. அவருடைய உழைப்பில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சாக்சபோன் சபாவுக்குள் போன பிறகும் பேண்டுக்காரர் தெருவில்தானே நின்றார்? காஞ்சியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நம் வாத்தியார் பையன்களுக்குப் பாடம் எடுத்ததோ மாரியம்மன் கோயில் திண்ணையில். ரீட் கிடைக்காத நாட்களில் பழைய ரீட்டை பிளேடால் சீவி ஊதக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அதே 1994இல் லண்டனில் இன்னொன்றும் நடந்தது. கறுப்பினக் கலைஞர் சார்லி பார்க்கரின் சாக்சபோன் ஒன்று கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு வந்தது. அது பித்தளைகூட இல்லை, பிளாஸ்டிக்கில் செய்தது. போன விலை 93,500 பவுண்டு. வாங்கியது, அவர் வளர்ந்த கன்சாஸ் நகரம். இன்று அங்கே ஜாஸ் அருங்காட்சியகத்தில் அவர் பெயரோடு இருக்கிறது. எடைக்குப் போட்டிருந்தால் என்ன தேறியிருக்கும்? ஊதியவர் யார் என்பதற்குத்தான் அந்தப் பணம். இங்கேயோ ஊதியவர் யார் என்று சொன்னால் விலை இறங்குகிறது! அதனால் அவரை அழித்துவிட்டு, பெயர் தெரியாத ஏதோ ஒரு ரெஜிமெண்டை அந்த இடத்தில் வைக்கிறார்கள். நம் வீட்டில் இருக்கும்வரை திருட்டுப்பொருள் மாதிரி தெரிந்தது, அவர் கடைக்குப் போனதும் வரலாற்றுப் பொருளாகிவிடும்.

நம் தோழர்கள் சிலருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “விற்காதீர்கள், இது நம் பண்பாட்டுச் சொத்து” என்று அந்த அம்மாவிடம் போய்ப் பேசியிருக்கிறார்கள். கட்டணம் கட்டக் கடைசித் தேதி இருக்கிறது தோழர்களே. சொத்தைக் காப்பாற்றுகிற பாரத்தையும் இருப்பதிலேயே ஏழை வீட்டின் தலையில்தான் ஏற்ற வேண்டுமா? அவர் தாராளமாக விற்கட்டும். ஆனால் எடைக்கு அல்ல.

1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. காஞ்சியிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சோழர் செம்புக்கும் பல்லவர் கல்லுக்கும் இடம் ஒதுக்குகிறவர்கள், வட தமிழ்நாட்டின் சேரிகள் வளர்த்த பேண்டு செட்டுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்கட்டும். தகுந்த விலை கொடுத்து இதை வாங்கட்டும். கலை பண்பாட்டுத் துறைக்கு மனு எழுதியிருக்கிறோம்.

தனியார் யாராவது வாங்குவதானாலும் வரலாம். எண்ணைப் பார்த்து வயதையும் தரத்தையும் சொல்லத் தெரிந்தவரை அழைத்து வாருங்கள், வாசித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். விற்பனைச் சீட்டில் வாத்தியார் பெயர், அவருடைய பேண்டு செட்டின் பெயர், தெருவின் பெயர் மூன்றும் இருக்கும். பில் கேட்டீர்களே, அதுதான் பில்.