தொழில் தெரியும், சான்றிதழ் இல்லை. பட்டம் உண்டு, வேலை இல்லை

ப்ளஸ் டூ முடிவுகள் வெளியானதும் நமது மஹல்லாக்களில் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் காலேஜ்ல சேர்க்கப் போறீங்க?" என்பதுதான். அந்தப் படிப்பை முடிக்கும்போது பிள்ளைக்கு என்ன வேலை செய்யத் தெரியும், அந்தச் சான்றிதழை யார் ஏற்பார்கள் என்ற கேள்விகளைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. மூன்று ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை பட்டத்துடன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தக் கேள்விகள் நினைவுக்கு வருகின்றன.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நமது சமுதாயத்தின் நிலை கவலைக்குரியதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாம் 14.2 சதவீதம். ஆனால் மத்திய கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் முஸ்லிம் மாணவர்களின் பங்கு 2019-20இல் 5.5 சதவீதமாக இருந்து, 2020-21இல் 4.6 சதவீதமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டில் சற்றே மீண்டாலும் 5 சதவீதத்தை எட்டவில்லை.

தமிழகத்தின் நிலை வேறு. 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியா, சென்னை புதுக்கல்லூரி, திருச்சி ஜமால் முஹம்மது, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா என்று நமது முன்னோர்கள் ஊர்தோறும் கல்லூரிகளை எழுப்பிச் சென்றிருக்கிறார்கள். எனவே நம்மிடையே இன்று கல்லூரிக்குள் நுழைவதைவிட, கல்லூரியிலிருந்து என்னவாக வெளியே வருகிறோம் என்பதே பெரிய பிரச்சினை.

இரண்டு பக்கமும் பாதி

நமது ஆண்பிள்ளைகளில் கணிசமானவர்கள் பத்தாம் வகுப்போடு அல்லது ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு மாமா வைத்திருக்கும் ஏ.சி. கடையிலோ, தெருமுனை மெக்கானிக் ஷெட்டிலோ சேர்ந்துவிடுகிறார்கள். நான்கைந்து வருடங்களில் தொழிலைக் கரைத்துக் குடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சான்றிதழ்கூட இருப்பதில்லை.

பெண்பிள்ளைகளின் கதை தலைகீழ். நன்றாகப் படிக்கிறார்கள், பட்டம் பெறுகிறார்கள். அந்தப் பட்டம் பல வீடுகளில் திருமண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்தாக அச்சாவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. பின்னாளில் கணவர் நோயுற்றாலோ, வளைகுடா வேலை பறிபோனாலோ, அந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்வது என்று அந்தச் சகோதரிக்குத் தெரிவதில்லை.

தொழில் தெரிந்தவரிடம் காகிதம் இல்லை, காகிதம் வைத்திருப்பவருக்குத் தொழில் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றுசேர்க்கும் படிப்புகள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. நாம்தான் அவற்றை இரண்டாம் தரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

வளைகுடாவின் கதவு மாறிவிட்டது

"சர்டிபிகேட் எதுக்கு? வேலை தெரிஞ்சா போதும், சவூதியில போய் பொழச்சுக்கலாம்" என்பது நமது பெரியவர்களின் அனுபவம். அந்தக் காலத்துக்கு அது சரிதான். ஆனால் சவூதி அரசு 2011இல் நிதாகத் கொண்டு வந்து தன் நாட்டவருக்கு வேலைகளை ஒதுக்கத் தொடங்கியது. 2021இல் தொழில்திறன் சரிபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது. 2022 இறுதியில் அது இந்தியாவுக்கும் வந்தது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏ.சி. மெக்கானிக், ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆகிய தொழில்களில்தான் முதலில் தொடங்கினார்கள். விமானம் ஏறுவதற்கு முன் இங்கேயே தேர்வு எழுதி, செய்முறையும் செய்து காட்ட வேண்டும்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நமது பிள்ளைகள் அதிகமாகச் செய்யும் வேலைகளே அவை. கைவேலை தெரிந்தும் எழுத்துத் தேர்வின் கேள்வி புரியாமல் திரும்பும் இளைஞனுக்கும், முறையாகப் பயிற்சி பெற்றுச் சென்றவனுக்கும் இடையில் சம்பளத்தில் மட்டுமல்ல, மரியாதையிலும் வித்தியாசம் இருக்கிறது.

ஐ.டி.ஐ. ஒரு முட்டுச்சந்து அல்ல

ஐ.டி.ஐ. என்றதும் "படிப்பு ஏறாத பிள்ளைகள் போகுமிடம்" என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உண்மை என்ன?

எட்டாம் வகுப்பு முடித்தவருக்கும் சில பிரிவுகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குப் பத்தாம் வகுப்பு போதும். வெல்டர், பிளம்பர் பயிற்சிகள் ஓராண்டு. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏ.சி. மெக்கானிக் இரண்டாண்டு. அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோ, தானியங்கி இயந்திரங்கள் தொடர்பான பயிற்சிகள் அங்கே வந்துவிட்டன.

அதைவிட முக்கியம், அங்கிருந்து மேலே ஏறப் படிக்கட்டு இருக்கிறது என்பது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பதினைந்து வயதில் ஐ.டி.ஐ.யில் சேர்ந்த பிள்ளை பி.இ. வரை போக வழி உண்டு. நடுவில் எந்தப் படியில் நிற்க நேர்ந்தாலும் அவன் கையில் ஒரு தொழிலும் அதற்கான சான்றிதழும் இருக்கும். பி.இ. முதலாம் ஆண்டில் அரியர் குவிந்து வெளியேறும் மாணவனுக்கு அது இல்லை.

சரி, ஏற்கெனவே ஷெட்டில் வேலை பார்த்துக் கொண்டிருப்பவர் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் ஐ.டி.ஐ. மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தமிழக வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கு விண்ணப்பங்களை அழைக்கிறது. அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரித்தால் வயது, அனுபவம் பற்றிய விதிகளைச் சொல்வார்கள். கடைக்கு ஒரு நாள் விடுப்பு போட்டு விசாரித்து வருவதற்குக்கூட நமது இளைஞர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

பட்டப்படிப்பு வீண் அல்ல

மத்ரஸாவில் ஓதி, கலைப் பட்டமும் பெற்ற நாம் கலைப் படிப்புகளைக் குறை சொல்ல வரவில்லை. மொழியும் வரலாறும் பொருளாதாரமும் தெரிந்தவர்கள் சமுதாயத்துக்குக் கட்டாயம் தேவை. ஆனால் மூன்றாண்டுப் பட்டத்தோடு ஒரு தொழில்திறனையும் சேர்த்துக் கற்பதற்கு இன்று வழிகள் இருக்கின்றன.

2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிப் பாடத்தோடு சேர்த்தே திறன் பயிற்சிகள் தரப்படுகின்றன. பல மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக ஒப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். உங்கள் பிள்ளை இந்தப் பருவத்தில் எந்தப் பயிற்சியில் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்கள், 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நிறுவனங்களில் உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சி பெறலாம். முதல் வேலைக்கே "அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்கும் காலத்தில் அந்த ஓராண்டு பெரிய மூலதனம்.

வியாபாரக் குடும்பங்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணக்குப் பார்ப்பவர் இல்லாமல் எந்தக் கடையும் நடக்காது. நம் வீட்டிலேயே பி.காம். படித்த மகள் இருக்க, கணக்கை வெளியே கொடுத்துக் கொண்டிருக்கிறோம். பி.காம். படிக்கும்போதே சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. தேர்வுகளுக்குப் பதிவு செய்யலாம். அதில் தேறாவிட்டாலும் டேலியும் ஜி.எஸ்.டி. தாக்கலும் தெரிந்த பெண் வீட்டிலிருந்தபடியே நான்கு கடைகளின் கணக்கைப் பார்க்க முடியும். நர்சிங், ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற படிப்புகளிலும் பெண்களுக்கான தேவை நம் ஊர் மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. பெண் நோயாளிகளைப் பெண்களே கவனிக்க வேண்டும் என்று விரும்பும் நாம், அதற்குரியவர்களை நம் வீடுகளிலிருந்து உருவாக்கத் தயங்குவது என்ன நியாயம்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பகுதிகளில் தோல் தொழில் நமது கைகளில் தலைமுறைகளாக இருக்கிறது. தோல் பதனிடுவதிலும் காலணி வடிவமைப்பிலும் முறையான படிப்புகளைத் தரும் நிறுவனங்கள் சென்னையிலேயே உள்ளன. அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் நிறுவப்பட்டது. கிண்டியில் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்சாலை நம்முடையது என்றால், அதன் தொழில்நுட்ப வல்லுநரும் நம் பிள்ளையாக இருக்கலாமே!

எதில் ஏமாறக் கூடாது?

மாடிப்படி ஏறிச் செல்லும் சிறு இடங்களில் "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று பலகை தொங்குகிறது. பணத்தைக் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சான்றிதழ் தருவது யார். அரசா, பல்கலைக்கழகமா, நர்சிங் கவுன்சில் போன்ற அமைப்பா, அல்லது அந்த நிறுவனமேவா? கைவேலைப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எங்கே? இதை முடித்தால் அடுத்து எந்தப் படிப்பில் சேரலாம்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? இதில் ஒன்றுக்கேனும் தெளிவான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாப்பிள்ளைச் சந்தையின் கணக்கு

இவ்வளவும் தெரிந்தும் ஏன் தயங்குகிறோம்? வேலையில்லாத பி.காம். மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மதிப்பு, சொந்தமாகச் சம்பாதிக்கும் எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளைக்கு நமது வீடுகளில் கிடைப்பதில்லை. கசப்பானாலும் உண்மை இதுதான்.

தாவூத் (அலை) அவர்கள் கவச உடை செய்தார்கள். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சர். நமது மார்க்கச் சட்ட அறிஞர்களின் பெயர்களையே பாருங்கள். வக்ஃபுச் சட்டத்தைப் பற்றி நூல் எழுதிய ஹனஃபி இமாம் கஸ்ஸாஃப் அவர்களின் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் கஃப்ஃபால் அல்-மர்வஸீ அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர்கள். அவர்களின் தீர்ப்புகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு, ஸ்பேனர் பிடிக்கும் கையைத் தாழ்வாகப் பார்ப்பது நமக்கு அழகா?

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

கோடைக்காலத்தில் ஒவ்வொரு மஹல்லாவும் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ முடித்தவர்களின் பட்டியலை எடுத்து, இரண்டு ஆசிரியர்களையும் ஒரு தொழில் தெரிந்தவரையும் வைத்து ஒரு நாள் ஆலோசனை நடத்தலாம். அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழியிலும் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதை எடுத்துச் சொல்லலாம். டாம்கோ கல்விக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். ஹிஃப்ழ் முடித்த மாணவர்களைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைத்து ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்க்கலாம். பள்ளிவாசல் சம்பளத்தை மட்டும் நம்பி நிற்கும் நிலை அவர்களுக்கு மாறும்.

பைத்துல்மால் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. கைத்தொழில் தெரிந்த ஏழைக்கு அவரது தொழிற்கருவிகளை வாங்கும் அளவுக்கு ஸகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ரமளானில் ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் என்று பிரித்துக் கொடுப்பதில் ஒரு பங்கை ஒதுக்கி, ஐ.டி.ஐ. முடித்த பத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கருவிப் பெட்டி வாங்கிக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், சில ஆண்டுகளில் அவர்களில் சிலர் ஸகாத் கொடுப்போரின் பட்டியலில் வந்து நிற்பார்கள்.