விளக்கு எரிகிறதா? விசிறி சுழல்கிறதா?



சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, விளக்கு வைக்கும் வேளையில், எங்கள் அயலில் வாழும் மாணவன் ஒருவன் பழைய மடிக்கணினி ஒன்றைத் துவாயிற் சுற்றி நெஞ்சோடு அணைத்தவண்ணம் படலையைத் திறந்துகொண்டு வந்தான். பின்னே அவன் தாயாரும் வந்தார். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதங்களே இருந்தன. ஈராண்டுகளாக அவன் சேர்த்த குறிப்புக்கள் யாவும் அக்கருவியினுள் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் படி இல்லை.

"சேர், நேற்றிரவு நன்றாக வேலை செய்தது. இன்று காலை அழுத்தினால் திரை கறுத்துக் கிடக்கிறது," என்றான் அவன்.

"தாய்ப்பலகை பழுதாம், மாஸ்ரர். புதிது வாங்கச் சொல்கிறார்கள். வாங்குவதென்றால் இந்தக் காப்பைத்தான் ஈடு வைக்க வேணும்," என்றார் தாயார்.

காப்பை ஒருமுறை பார்த்தேன். "நாளை வரைக்கும் பொறுத்திருங்கள், அம்மா," என்று கூறிவிட்டு, மேசை விளக்கை ஏற்றினேன்.

மாணவ மணிகளே! 'இயங்கவில்லை' என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. விளக்கும் எரியாது, விசிறியும் சுழலாது கிடப்பது முதலாவது. விளக்கு எரிந்து விசிறி சுழன்றும் திரை கறுத்திருப்பது இரண்டாவது. திரையிற் பெயர் தோன்றி அதற்கப்பாற் செல்லாது நிற்பது மூன்றாவது. இவற்றுள் எது என்று அறியுமுன் கைவைப்பவர் இருட்டிற் கல்லெறிபவரே ஆவர்.

முதலாவது நிலையாயின் மின்சாரத்தையே முதலில் ஐயுறல் வேண்டும். இதனை நான் பட்டறிந்து கூறுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் கணினி இவ்வாறு கிடந்தபோது புதிய சார்ஜரும் புதிய பற்றறியும் வாங்கி வந்தேன். பின்னரே சுவரிலுள்ள பிளக்கில் மின்சாரம் இல்லையென்பது தெரிந்தது! ஆதலின் மேசை விளக்கொன்றை அவ்விடத்திற் செருகிப் பாருங்கள். அடுத்து, சார்ஜரின் வயர் எங்கேனும் நைந்துள்ளதா, அதன் முனை கணினியின் துளையில் ஆடுகின்றதா எனப் பாருங்கள். வேறொரு சார்ஜரைச் செருகிப் பார்ப்பதாயின், அதில் அச்சிட்டுள்ள வோல்ற்றளவும் முனையின் அமைப்பும் பழையதனோடு ஒத்திருத்தல் வேண்டும்.

அதுவும் பயன்தராவிடின், சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பற்றறியாயின் அதனையும் எடுத்துவிட்டு, இயக்கும் பொத்தானை 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நின்ற மின்னேற்றம் வடிந்துவிடும். பின்பு சார்ஜரை மட்டும் செருகி இயக்குங்கள். அவ்வளவில் உயிர்பெற்ற கணினிகள் பல. பற்றறி வீங்கியிருப்பின் அதனை மீண்டும் பொருத்தாதீர்கள்; குத்தவோ அழுத்தவோ செய்யாதீர்கள். லிதியம் அயன் பற்றறி தீப்பற்றும் இயல்புடையது.

எங்கள் மாணவனின் கணினி இரண்டாவது நிலையில் இருந்தது. விளக்கு எரிந்தது, காதை அருகே வைத்தபோது விசிறியின் மெல்லொலியும் கேட்டது. தாய்ப்பலகை முற்றாக எரிந்திருப்பின் பெரும்பாலும் இவ்வளவு உயிரும் இராது. எனவே சிறிது நம்பிக்கை பிறந்தது.

முதலில் ரோர்ச் விளக்கைத் திரைமீது சாய்வாகப் பிடித்தோம். திரையின் பின்னொளி மட்டும் பழுதாகியிருப்பின் உருவங்கள் மங்கலாகத் தென்படும். ஒன்றும் தென்படவில்லை. பின்னர் என் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்த்தோம். அதிலும் படம் இல்லை. ஆகவே குற்றம் திரையினது அன்று.

ஒவ்வொரு கணினியும் இயக்கப்பட்டவுடன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். நினைவகம் சரியாக உள்ளதாவென்று பார்த்த பின்னரே வன்தட்டைத் தேடிச் செல்லும். நினைவகத்தோடு தொடர்பு கிட்டாவிடின் அங்கேயே நின்றுவிடும். சில கருவிகள் 'பீப்' என ஒலியெழுப்பும். பழைய கருவிகளில் நினைவகத் தகட்டின் முனைகளில் தூசும் களிம்பும் படிதல் வழக்கம். கடற்காற்று வீசும் ஊர்களிற் கேட்கவும் வேண்டுமோ!

சார்ஜரையும் பற்றறியையும் அகற்றினோம். உடலிலுள்ள நிலைமின்னேற்றம் நீங்குமாறு யன்னலின் இரும்புக் கம்பியைத் தொட்டோம். அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றியபோது இரண்டு நினைவகத் தகடுகள் தென்பட்டன. அவற்றை எடுத்து, பொன்னிற முனைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தோம். முதலில் ஒன்றை மட்டும் பொருத்தி இயக்கினோம். திரை கறுத்தே இருந்தது. அதனை எடுத்துவிட்டு மற்றையதைப் பொருத்தினோம்.

திரையில் ஒளி வந்தது! தாயார் வாய்விட்டு ஒன்றும் கூறவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழுதான தகடு ஒன்றே. அத்தகைய பழைய தகடொன்றை வாங்கக் காப்பை ஈடுவைக்க வேண்டியதில்லை.

பையன் உடனே படிக்கத் தொடங்க எண்ணினான். நான் தடுத்தேன். "தம்பி, முதலிற் குறிப்புக்களைப் படியெடு," என்று கூறி, யூ.எஸ்.பி. நினைவுக் குச்சியொன்றைக் கொடுத்தேன். அது முடிய ஒரு மணி நேரம் சென்றது.

இனி, மூன்றாவது நிலையைப் பற்றி ஒரு சொல். பெயர் தோன்றி நின்றுவிடுமாயின் வன்தட்டோ, அதிலுள்ள பணிசெயல் முறைமையோ பழுதாகியிருக்கலாம். வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்னும் ஓசை கேட்டால் மீண்டும் மீண்டும் இயக்காதீர்கள்; ஒவ்வொரு முயற்சியும் எஞ்சியதையும் அழிக்கக்கூடும். தட்டைக் கழற்றி வேறொரு கணினியோடு இணைத்து, அகப்படுவதை முதலிற் காப்பாற்றுங்கள். அதனைச் செய்தறியாதவர் அறிந்தவரிடம் ஒப்படைத்தலே நன்று.

நேயர்களே, கருவி பழுதானால் வேறொன்றை வாங்கலாம். பையனின் ஈராண்டு உழைப்பை எக்கடையில் வாங்குவது? இன்று ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாள். இவ்விதழை மடித்து வைத்தவுடன், உங்கள் வீட்டுப் பிள்ளையின் குறிப்புக்களுக்கு இரண்டாவது படி உண்டா என்று ஒருமுறை கேளுங்கள்.