ஆங்கில வாக்கியமும் தமிழ் எச்சமும்

தமிழாசிரியர்க்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வேலை உண்டென்பதே நம் கருத்து. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இடறுவது பெரும்பாலும் சொல்லறியாமையால் அன்று; வாக்கிய அமைப்பை அறியாமையாலேயாம்.

'நேற்றுக் கொழுந்து பறித்த பெண் இன்று வரவில்லை' என்பது நம் பிள்ளைகளின் இல்லத்து வாக்கியம். 'பறித்த' என்பது பெயரெச்சம்; 'பெண்' என்னும் பெயர் கொண்டு முடிவது. 'வரவில்லை' என்பதே முற்று. ஆங்கிலமோ பெண்ணை முதலில் நிறுத்தி, 'ஹூ' என்னும் சொல்லால் அவளைச் சுட்டி, கொழுந்து பறித்த செய்தியை உரைத்து, அதன் பின்னரே அவள் வராமையைக் கூறும். தமிழில் எச்சமாய் வரும் வினை ஆங்கிலத்தில் முற்றாய் வருதலின், வாக்கியம் அங்கேயே முடிந்ததெனப் பிள்ளை மயங்குகின்றது. ஆங்கிலம் 'ஹூ', 'விச்' முதலியவற்றால் உணர்த்துவதைத் திராவிட மொழிகள் பெயரெச்சத்தால் உணர்த்தும் என்பதைக் கால்டுவெல் 1856 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே விளக்கினார்.

வகுப்பில் நிகழ்வது யாது? தலைமை வாக்கியம், சார்பு வாக்கியம் என்னும் பெயர்கள் மனனம் செய்யப்படுகின்றன. பரீட்சையில் அவற்றின்கீழ்க் கோடிடவும் பிள்ளை பழகிக்கொள்கின்றது. ஆயினும், லயத்துக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தைத் தந்தை நீட்டும்போது வாய் திறவாது நிற்கின்றது. 'அன்லெஸ்' என்னும் சொல் எதிர்மறையைத் தன்னுள் அடக்கியது. 'படிவம் வந்தாலன்றிப் பணம் வழங்கப்படாது' என்பதனை 'வந்தால் வழங்கப்படாது' எனக் கொண்டுவிட்டால், இழப்பு அப்பிள்ளைக்கு மட்டுமன்று, குடும்பத்துக்கேயாம்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும் என்பாரும் உளர். ஆங்கிலம் நாள்தோறும் ஒலிக்கும் இல்லத்துப் பிள்ளைக்கு அது பொருந்தும். லயத்துப் பிள்ளைக்குக் கைப்பொருளாய் உள்ளது தமிழ் ஒன்றே. அதனைப் பறித்துவிட்டு வேறெதனைக் கொண்டு கற்பிப்பது?

நாம் கூறும் வழி எளியது. 'ஹூ', 'விச்', 'அன்லெஸ்' போன்ற இணைப்புச் சொல்லை முதலிற் கண்டு, அதனைச் சார்ந்த பகுதியைக் கோடிட்டுப் பிரிக்க. எஞ்சிய பகுதியில் நிற்கும் முற்றே தலைமை வினை. பின்னர், பிரித்த பகுதி எதனைத் தழுவுகின்றதென வினவி, அதனைத் தமிழ் எச்சமாக்கிச் சொல்லச் செய்க. இதற்குப் புதுக் கட்டடமோ பெருநிதியோ வேண்டா; தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரம் ஒருமுறை ஒருங்கிருந்து பாடம் வகுத்தல் போதும்.

ஆங்கிலத்தால் உயர்பதவி எய்திய பழைய மாணவர்காள்! விடுமுறைக்கு மலையேறி வரும்போது ஒரு மாலைப்பொழுதையேனும் தோட்டத்துப் பாடசாலைக்கு ஈவீராக. பரிசுக் கோப்பையினும் அம்மாலைப்பொழுது பெரிதென்று யாம் துணிந்து கூறுவோம்.