வார் போகட்டும், வித்தை இருக்கட்டும்

1980களில் டெல்லி கரோல் பாக்கில் வேப்பமரத்தடி நாவிதர் ஒருவரிடம்தான் எனக்குச் சவரம். மரத்தில் அடித்த ஆணியில் தோல் வார் ஒன்று தொங்கும். சவரக்கத்தியை அதில் சரக், சரக் என்று இழுத்துவிட்டுத்தான் கன்னத்தில் வைப்பார். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன சமயம், ஆசையில் நானும் இழுத்துப் பார்த்தேன். வாரில் அரை அங்குலத்துக்கு வெட்டு விழுந்தது. திரும்பி வந்தவர் கோபப்படவில்லை. "முதுகு முன்னால் போகவேண்டும் பாபுஜி, கூர் பின்னால். அழுத்தக்கூடாது, தடவவேண்டும்" என்றார்.

சில ஆண்டுகளில் அந்த வாரும் கத்தியும் காணாமல் போயின. போனது நியாயம்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். ஹெப்படைட்டிஸ் பி அதற்கு முன்பே இருந்தது. பல கன்னங்களைத் தொட்ட கத்தி ஒரே தோலில் புரள்வது ஆபத்து. தோலைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யவும் முடியாது. பிளேடைப் பாதியாக ஒடித்து ஆளுக்கொன்று போடுவதே சரி.

ஆனால், சலூனை விட்டுக் கிளம்பிய வார் நம் சமையலறைக்கு வந்திருக்கலாம். வரவில்லை. காய்கறிக் கத்தி மழுங்கினால் சாணை பிடிக்கக் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் புதிது வாங்குகிறோம். சுழலும் சாணைக்கல் ஒவ்வொரு முறையும் எஃகைத் தின்றுவிடுகிறது. மழுங்கிய கத்தி பெரும்பாலும் தேய்ந்த கத்தி அல்ல. கூரின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் மடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதை நிமிர்த்தி மெருகேற்றுவதுதான் வாரின் வேலை.

செய்வது எளிது. சேணத்துக்கும் பெல்ட்டுக்கும் ஆகும் விறைப்பான தோல் வேண்டும். கான்பூரிலும் திண்டுக்கல்லிலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிடுகிறார்களே, அந்த ரகம். குரோமில் பதனிட்ட மெத்தென்ற தோல் கத்திக்கடியில் அமுங்கிக் கூரை உருட்டிவிடும். 2 அங்குல அகலம், ஓரடி நீளம் போதும். சமமான பலகையில் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி ஒட்டி, நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் தடவுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும். அதன்மேல், எவர்சில்வருக்கு மெருகேற்றும் பச்சை பாலிஷ் கட்டியை கிரேயான்போல் மெல்லிசாகப் பூசுங்கள். அந்தப் பச்சை நிறம் குரோமியம் ஆக்சைடு. எஃகைவிடக் கடினமான பொடி அது.

பிறகு கத்தியைச் சற்றே சாய்த்து, முதுகு முன்னால் போக, பக்கத்துக்கு இருபது இழுப்பு. முடிவில் கத்தியைத் தூக்கித் திருப்பாதீர்கள், கூர் உருண்டுவிடும். முதுகை ஊன்றியே புரட்டுங்கள். கழுவித் துடைத்த பிறகே காய் நறுக்கவேண்டும்.

வார் எல்லாம் செய்துவிடாது. சில்லு பெயர்ந்த கத்திக்குக் கல்தான் மருந்து. எஃகைவிட 50 மடங்கு மென்மையான தலைமுடிகூட பிளேடில் சில்லு பெயர்த்துவிடும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். ஆனால் வாரந்தோறும் வாரில் தடவிய கத்திக்குக் கல் தேவைப்படுவது அபூர்வம்.

நான் போட்ட வெட்டு அந்த வாரில் கடைசிவரை இருந்தது. அந்த இடம் வந்ததும் நாவிதரின் கை சற்றே தயங்கித் தாண்டிப் போகும். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.